வெண்ணெய்நல்லூர் வழக்கும் விசாரணையிலாச் சிறையும்

ஒருவனது குற்றம் இன்னதென மெய்ப்பியாது அவனைச் சிறைப்படுத்தலும், அது தகுமோ என வினாவும் ஏட்டினை அடைத்தலும் அரசுக்கு உரியனவோ என்னும் ஆராய்ச்சி அரசியல் நூலார்க்கே உரியதென நம்மனோர் பலர் ஒதுங்கி நிற்பர். அது பொருந்தாது. உயிரறிவின் எல்லையும் வினையின் இயல்பும் அவ்வினாவினுள் அடங்கிக் கிடத்தலின், விடை கூறும் கடப்பாடு சித்தாந்திகட்கும் உண்டு.

தடுத்தாட்கொண்ட புராணத்து வழக்கினை ஈண்டு நினைவு கூர்க. ஆண்டான் அடிமைத் திறம் அநாதியே உள்ளது. நம்பியாரூரர் தமக்கு ஆள் என்ற முதியவர் உரை முழுதும் மெய். அங்ஙனமாகவும் அவர் மணப்பந்தரினின்று தம் ஆளை வலிதிற் பற்றிச் சென்றாரல்லர். வெண்ணெய்நல்லூர் அவையை அடைந்து வழக்குரைத்தார். அவையாரும் வழக்காளியின் முதுமைக்கும் வேதியக் கோலத்துக்கும் இணங்கி ஒருதலையாகத் தீர்த்தாரல்லர். அந்தணர் அந்தணர்க்கு அடிமையாதல் உலகில் இல்லையென்று எடுத்துக்கூறி, ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றினைக் காட்டுக என்றனர். பித்தனென வைது ஓலையைக் கிழித்தவர் எதிர்வழக்காளர். அவர் சொல்லும் கேட்கப்பட்டது. கிழிந்தது படியோலை; மூலவோலைக்கு ஊறு நேராதென அவையார் உறுதி கூறிய பின்னரே அது வெளிப்பட்டது. கரணத்தான் படித்தான். பாட்டனார் கையெழுத்தை அவர் எழுதிய பிறிதோர் ஓலையோடு ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புப் பிறந்தது. தன் உரிமைக்குச் சான்று வேண்டாத முதல்வன், சிற்றறிவுடைய உயிர்கள் கூடிய அவைக்குச் சான்று இன்றியமையாதெனக் கொண்டருளினன்.

இனி, அண்மைக் காலத்து வழக்கொன்று காண்போம். 1975 ஜூன் 25 இரவு இந்திய நாட்டில் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. விசாரணையின்றிச் சிறைப்பட்டோர் பல்லாயிரவர். செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டன; ஜூன் 28-ல் இந்தியன் எக்ஸ்பிரஸ் தன் தலையங்க இடத்தை வெற்றிடமாகவே விட்டு வெளியிட்டது. சிறைப்பட்டோர் ஆட்கொணர் மனுக்களோடு உயர்நீதிமன்றங்களை அணுக, அவற்றுட் பல அம்மனுக்களை ஏற்றன. அரசின் மேல்முறையீட்டின்மேல் 1976 ஏப்ரல் 28-ல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஐவருள் நால்வர், நெருக்கடி நிலையில் அம்முறையீட்டுக்கு இடமில்லை எனத் தீர்த்தனர். காவலர் ஒருவர் தம் பகைமையால் ஓருயிரைக் கொன்றாலும் பரிகாரம் இல்லையோ என எச். ஆர். கன்னா வினவினார், தம் வாதத்தின்படி இல்லையென்றே அரசின் தலைமை வழக்கறிஞர் விடையிறுத்தார். தனித்து மாறுபட்ட நீதிபதி அக்கன்னா ஒருவரே. 1977-ல் முறைப்படி அவர்க்கு வரவேண்டிய தலைமை நீதிபதிப் பதவி அவர்க்கு இளையவர்க்கு வழங்கப்பட, அவர் பதவி துறந்தார்.

படியோலை கிழிந்தும் ஆண்டு மூலவோலை எஞ்சிற்று. ஏட்டிலும் ஏறாது, அவையிலும் ஏறாது போன சிறைவாசத்துக்கு எஞ்சுவது யாது?

அற்றேல், குற்றமிலான் சிறைப்படின் அஃது அவன் பிராரத்தம், அரசு கருவி மாத்திரையே, இதன்கண் நோவது என்னையெனின், கூறுதும். இதனைச் சித்தாந்தத்தின் முடிபென்றே துணிந்துரைப்பார் உளர். வினை சடம், அதனை அறிந்து உயிர்க்குக் கூட்டுவான் முதல்வன் ஒருவனே. பிறன் வினையின் அளவை அறியமாட்டாத உயிர், யானே அதனை ஊட்டுவலென முற்படுதல் ஆணவத்தின் காரியமன்றிப் பிறிதில்லை. சிறைப்பட்டானுக்குப் பிராரத்த நுகர்ச்சியாவது சிறைப்படுத்தினானுக்கு ஆகாமியமாய் ஏறும். இருவர் கணக்கினையும் ஒன்றாகக் குழைத்தலே இத்தடையின் பிழை. அன்றியும், அக்கூற்று நிலைபெறின் கள்வனும் கருவியே ஆவன். தம் வீட்டில் களவு நேர்ந்தவழி இத்தடையாளர் காவல் நிலையம் ஏகாது பிராரத்தமென்று அமைந்திருப்பரோ?

உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பிற்று. அதிகாரத்தைச் சாரின் அதன் வண்ணமே ஆகும். நாட்டுக்கு இடர் உண்மையாகவே நேர்தல் கூடும், அப்போது விரைந்து பிடித்தலும் வேண்டப்படலாம். பிடித்தல் வேறு, பிடித்ததை எவரும் வினவலாகாதெனல் வேறு.

அருணந்தி சிவனார் பரபக்கத்தில் உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் மதத்தையும் அவரவர் நியாயத்தோடு நிறுத்திய பின்னரே மறுத்தனர். அந்நூலைப் பாடங்கேட்கும் நம்மவருள்ளும், நம் சமயத்தை இகழ்ந்தெழுதிய நூலொன்று வந்தால் மறுப்பெழுத முயலாது, தடைசெய்க என அரசை வேண்டுவார் உளர். அரசின் கைக்கு அக்கோலை நீட்டுவார், அது நாளை எவர்மேல் ஓங்கும் என எண்ணுவதில்லை.

1978-ல் நிறைவேறிய 44-ஆவது திருத்தம், உயிர்க்கும் உடல் உரிமைக்கும் அரணாகிய 21-ஆம் பிரிவை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைத்தல் ஆகாதென விதித்தது. 1976-ன் தீர்ப்பும் 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த ஆயத்தால் தள்ளப்பட்டது. ஆயினும் தடுப்புக் காவல் ஒழிந்திலது. 1980-ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒருவனைப் பன்னிரண்டு திங்கள்வரை காவலில் வைக்கலாம். காரணங்களை எழுதித் தருதலும், ஆலோசனைக் குழுவின் பார்வைக்கு வைத்தலும் அதன்கண் உள. திறந்த அவையிற் சான்று நாட்டி அவன் குற்றத்தை மெய்ப்பிக்குமாறு அச்சட்டம் அரசைக் கேட்பதில்லை.