பிறந்த நாளும் வேதநூலும்

கிறிஸ்தவர் பிறந்த நாள் கொண்டாடுவது வேதத்துக்கு இசைந்ததா, மாறானதா என்னும் வினா தமிழ்க் கிறிஸ்தவர் வாழும் இடங்களிலெல்லாம் அடிக்கடி எழுகின்றது. ஒரு வீட்டார் குழந்தைக்கு ஆண்டு நிறைந்ததென்று போதகரை அழைத்து ஜெபம் செய்வித்து, கேக் வெட்டி, அண்டை அயலாருக்கு உணவளிக்கின்றனர். அடுத்த வீட்டாரோ, இது புறமதத்தார் வழக்கம் என்று சொல்லித் தம் பிள்ளைகளை அப்பந்தலின் பக்கமும் போகவிடாது தடுக்கின்றனர். தோட்டத்து லயன்களிலும் நகரத்து அடுக்குவீடுகளிலும் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் மக்களிடையே இது சிறு வேற்றுமையன்று. விருந்துக்கு வாராதொழிந்த மனத்தாங்கல் எளிதில் மறைவதில்லை. ஆதலின், வேதநூல் இது பற்றி உண்மையில் யாது கூறுகின்றதென ஒருமுறை நிதானமாக ஆராய்தல் நன்றெனக் கருதுகின்றோம்.

கூடாது என்பாரின் முதன்மையான வாதம் இது: வேதத்தில் பிறந்த நாள் விருந்து என்று வெளிப்படையாகச் சொல்லப்படுவன இரண்டே. ஒன்று ஆதியாகமம் நாற்பதாம் அதிகாரத்தில் வரும் எகிப்தின் பார்வோனுடையது. மற்றொன்று சுவிசேஷங்களில் வரும் ஏரோது அந்திப்பாவினுடையது. இருவரும் மெய்த்தேவனை வழிபடாதார் அல்லது வழிதவறினார். இருவர் விருந்திலும் ஓர் உயிர் பலியாயிற்று. முன்னதில் சுயம்பாகிகளின் தலைவன் தூக்கிலிடப்பட்டான்; பின்னதில் யோவான் ஸ்நானனின் தலை தட்டில் வைத்துக் கொண்டுவரப்பட்டது. ஆகவே பிறந்த நாள் தேவனுக்கு ஏலாதது என்பர்.

கேட்ட மாத்திரத்தில் வலியதாகத் தோன்றும் இவ்வாதம், நூலைத் திறந்து படித்தால் தளர்ந்துவிடுகின்றது. பார்வோன் தன் பிறந்த நாளில் செய்தவை இரண்டு. ஒருவனைத் தூக்கிலிட்டான் என்பது உண்மையே. அதே விருந்தில் பானபாத்திரக்காரரின் தலைவனை விடுவித்து மறுபடியும் உத்தியோகத்தில் அமர்த்தவும் செய்தான். இரண்டாண்டு கழித்து யோசேப்பு சிறையினின்று வெளிவருவதற்கு அந்த விடுதலையே வாயிலாயிற்று. தூக்குமரத்துக்கு அந்நாளைப் பழிப்பாராயின், அவ்விடுதலைக்கு அதனைப் புகழவும் வேண்டுமன்றோ? உண்மையில் இரண்டுக்கும் நாள் காரணமன்று. மனிதர் தலையின் மேல் ஒருவனுக்கு இருந்த வரம்பற்ற அதிகாரமே காரணம்.

ஏரோதின் செய்தி இன்னும் ஊன்றி நோக்கத்தக்கது. மாற்கு எழுதிய சுவிசேஷம் அவ்விருந்துக்கு வந்தோர் பட்டியலையே தருகின்றது: பிரபுக்கள், சேனைத் தலைவர்கள், கலிலேயாவின் பெரிய மனிதர்கள். ஏரோதியாளின் மகள் ஆடினாள். கேட்டதைத் தருவேன் என்று அரசன் ஆணையிட்டான். அவள் தாயின் சொற்படி யோவானின் தலையைக் கேட்டாள். அப்பொழுது ஏரோது மகிழ்ந்தானா? இல்லை, துக்கமடைந்தான் என்கின்றது நூல். யோவான் நீதிமான் என்பதை அவன் அறிந்திருந்தான். அவர் பேச்சை விருப்பத்தோடு கேட்டும் வந்தான். அவ்வாறாயின் ஏன் கொன்றான்? தான் இட்ட ஆணையின் பொருட்டும், பந்தியில் அமர்ந்திருந்தவர்கள் பொருட்டும். வந்த விருந்தினர் முன்னே தன் வாய்ச்சொல் தவறினால் இழிவு நேருமே என்னும் அச்சம் ஒரு நல்லவரின் கழுத்தை அறுத்தது. இவ்விடத்தை நாம் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

பிறப்பைக் குறித்த மகிழ்ச்சியை வேதம் வெறுக்கின்றது என்பதும் பொருந்தாது. எலிசபெத்து முதிர்ந்த வயதில் ஆண்மகவு ஈன்றபோது அயலாரும் உறவினரும் கூடி அவளோடு மகிழ்ந்தனர் என்று லூக்கா எழுதுகிறார். அவன் பிறப்பினால் அநேகர் களிகூர்வர் என்று தேவதூதன் முன்னரே கூறியும் இருந்தான். அம்மகவு யார்? பின்னாளில் ஏரோதின் பிறந்த நாளில் தலையிழந்த அதே யோவானே. திருச்சபையின் பழைய நாட்காட்டி எவருடைய பிறப்பையும் விழாவாகக் கொள்வதில்லை; கிறிஸ்து, அவர் தாய் மரியாள், யோவான் என்னும் மூவரே விலக்கு. சூன் 24ஆம் நாள் யோவானின் பிறப்பு விழா. பிறந்த நாள் விருந்தில் கொலையுண்டவருடைய பிறந்த நாளையே கொண்டாடுவதில் அப்பழைய கிறிஸ்தவர்கள் முரண் எதனையும் காணவில்லை.

எனினும் ஆதிக் கிறிஸ்தவருள் பிறந்த நாளை வெறுத்தோர் இருந்தனர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரறிஞர் ஒரிகேன், பாவிகளே தம் பிறந்த நாளில் களிப்பர். பரிசுத்தவான்களோ யோபையும் எரேமியாவையும் போல அதனைச் சபிப்பர் என்னும் கருத்தினர். அக்காலத்து ரோமர் தம் பிறந்த நாளில், ஒவ்வொருவனையும் காப்பதாக நம்பப்பட்ட தெய்வத்துக்குத் தூபமும் பணியாரமும் மதுவும் படைத்தனர். அரசரது பிறந்த நாளில் பலியும் நடந்தது. அந்நாளில் ஒதுங்கி நின்றவர்களுக்குத் தக்க காரணம் இருந்தது. வாழ்வை விடச் சாட்சியாக மரித்தலைப் பெரிதாக மதித்த அவர்கள், ஸ்மிர்னாவின் பாலிகார்ப்பு எரியூட்டப்பட்ட நாளையே அவரது பிறந்த நாளென்று அழைத்துக் கூடினர். அப்படைப்பு இன்று எங்கே? குழந்தையின் முன் ஊதி அணைக்கப்படும் மெழுகுவர்த்தியில் எந்தத் தெய்வமும் வணங்கப்படுவதில்லை. புறமதத்தில் தோன்றிய தெல்லாம் என்றும் புறமதமே என்பாராயின், அவர்கள் திருமண மோதிரத்தையும் கழற்றவேண்டும். அதுவும் ரோமர் வழக்கமே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை என்று விளம்பரம் அச்சிடும் தமிழ்ப் போதகர் எவரும் ஞாயிற்றைத் தொழுவதாக நாம் குற்றஞ்சாட்டுவதில்லை.

வேதம் கட்டளையிடாத விழா கூடாது என்பது மற்றொரு வாதம். பூரீம் பண்டிகை மோசேயின் சட்டத்தில் இல்லை. எஸ்தர் காலத்து யூதர் தாமே ஏற்படுத்திக்கொண்டது. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையும் அவ்வாறே பிற்காலத்தது. அந்நாளில் இயேசு ஆலயத்திலே உலாவினார் என்று யோவான் சுவிசேஷம் கூறுகின்றது. பண்டிகையை அவர் கடிந்ததாக அங்கு ஒரு சொல்லும் இல்லை. இவ்வாதத்தைக் கடைசிவரை பின்பற்றியவர்கள் அமெரிக்காவில் குடியேறிய பியூரிட்டன் கூட்டத்தார். மாசாசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டமே செய்தனர். 1681இல் அது நீக்கப்பட்டது. இன்று இவ்வழியில் உறுதியாக நிற்போர் யெகோவாவின் சாட்சிகள். அவர்களுங்கூட 1926 வரை தம் தலைமையிடத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாடியவர்களே. சிங்கப்பூரில் 1972இல் அவர்கள் சபையின் பதிவு நீக்கப்பட்டது. அதற்குக் காரணம் அவர்கள் விழாக்களை மறுத்ததன்று, இளைஞர் படைப்பயிற்சியை மறுத்ததே. கொள்கைக்காக இழப்பை ஏற்கத் துணிந்தவர்களை நாம் எள்ளமாட்டோம். ஒருவன் ஒரு நாளை மற்றொன்றினும் விசேஷமாக எண்ணலாம், மற்றொருவன் எல்லா நாளையும் ஒப்பாக எண்ணலாம், அவனவன் தன் மனத்தில் நிச்சயித்திருக்கட்டும் என்பதே ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் காட்டும் நெறி. கொண்டாடாத வீட்டுப் பிள்ளையைப் பள்ளியில் கேலி செய்வதும், கொண்டாடும் வீட்டாரை விக்கிரக ஆராதனைக்காரர் என்று வைவதும் அந்நெறிக்கு ஒருங்கே புறம்பானவை.

இனி, பந்தியில் அமர்ந்திருந்தவர்கள் பொருட்டு என்று சொன்னோமே, அதற்கு வருவோம். நம்மவர் வீட்டு விசேஷங்களில் எத்தனை இதே காரணத்தால் நடைபெறுகின்றன! முதற்பிறந்த நாளுக்கு மண்டபம் பிடித்தாகவேண்டும். ஏனெனில் கொழுந்தனார் வீட்டில் மண்டபம் பிடித்தார்கள். பெண் பருவமெய்தினால் மஞ்சள் நீராட்டுக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் வேண்டும். அவளுக்கு நாணமாக இருக்குமே என்று கேட்பாரில்லை. வந்தவர்கள் என்ன சொல்வார்கள் என்னும் ஒரு கேள்விக்கு விடையாக மாதச் சம்பளக்காரன் வட்டிக்குக் கடன் வாங்குகிறான். கடன் தீருமுன்னே அடுத்த விசேஷம் வருகின்றது. பிள்ளையின் கல்விக்கென வைத்திருந்த பணம் பிள்ளையின் விருந்திலேயே கரைந்துபோவதை நாம் காணாமலில்லை. ஏரோது துக்கமடைந்தான், ஆயினும் செய்தான் என்று படிக்கும்பொழுது, பந்தலின் ஓரத்தில் கணக்கைக் கூட்டிப் பார்த்துப் பெருமூச்செறியும் தகப்பன் நம் நினைவுக்கு வருகிறான்.

வேதநூல் பிறந்த நாளைப் பற்றி விதி எதுவும் கூறவில்லை. ஆனால் விருந்தைப் பற்றி மிகத் தெளிவாகக் கூறுகின்றது. லூக்கா பதினான்காம் அதிகாரத்தில், விருந்து வைக்கும்போது நண்பரையும் உறவினரையும் செல்வரான அயலாரையும் அழைக்கவேண்டாம், அவர்கள் திருப்பி அழைத்து உனக்குக் கைம்மாறு செய்துவிடுவார்கள். ஏழைகளையும் ஊனரையும் முடவரையும் குருடரையும் அழை, அவர்களால் திருப்பித் தர இயலாது என்கிறார் இயேசு. இதனையும் நம் மொய் நோட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்! யார் எத்தனை வெள்ளி எழுதினார் என்று பார்த்து, அவர் வீட்டு விசேஷத்தில் அதற்குக் குறையாமல் எழுதும் நம் வழக்கத்தை இவ்வசனம் வேரோடு தொடுகின்றது. பிறந்த நாள் கூடாதென்று ஒரு மணி நேரம் பிரசங்கிப்போர் இவ்வசனத்தின் மேல் பிரசங்கித்து நாம் கேட்டது அரிது. பிறந்த நாளைக் கொண்டாடுவோரும் இதனைப் படிப்பதாகத் தெரியவில்லை.

நாட்களைப் பார்க்கிறீர்களே என்று பவுல் வருந்தும் கலாத்தியர் நிருபத்தையும் சிலர் எடுத்துக்காட்டுவர். அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை அவர்கள் புரட்டவேண்டும். அந்தியோகியாவில் யூதரல்லாத கிறிஸ்தவரோடு உடனுண்டுவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்தவுடன் அவர்களுக்கு அஞ்சிப் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பவுல் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்தார். நாளைப் பற்றிய கடிதலுக்கு முன்னே வருவது பந்தியைப் பற்றிய கடிதல்.

தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாற்றில் இவ்விரண்டும் குழம்பிய விதம் வியப்புக்குரியது. மதுரையில் 1606இல் வந்திறங்கிய ராபர்ட் தெ நொபிலி, பூணூலும் சந்தனமும் சமூக அடையாளங்களே என்று வாதாடி, 1623இல் போப்பாண்டவரின் இசைவைப் பெற்றார். பின்னர் 1704இல் புதுச்சேரியில் தூர்னோன் என்னும் ரோமைத் தூதர் ஓர் ஆணை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, மணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்த்தல் கூடாது, பெண்ணின் பூப்பை விழாவாக்குதல் கூடாது என்பன அதில் அடங்கும். தாழ்த்தப்பட்ட குலத்து நோயாளியைக் குருமார் அவர் வீட்டுக்கே சென்று காணவேண்டும் என்பதும் அதே பட்டியலில் ஒன்று! அந்தக் கடைசிக் கட்டளையே நிறைவேற்றக் கடினமாயிற்று. போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்டு 1744இல் வழக்கை முடித்தபோது, அம்மக்களுக்கெனத் தனிக் குருமாரை ஏற்படுத்தும் வழி கண்டனர். தேங்காயை விலக்க முடிந்தது. எல்லார் வீட்டுப் படியையும் மிதிக்கும் ஒரே குருவை நியமிக்க முடியவில்லை.

புராட்டஸ்டாண்டுச் சபையிலும் அதுவே. தஞ்சைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் 1829இல், புதிய மிஷனரிமார் நான்கு கொடுமைகள் இழைத்ததாக முறையிட்டார்: வேத மொழிபெயர்ப்பை மாற்றினர், திருவிழாவில் பூக்களைத் தடுத்தனர், ஆலயத்தில் தமிழிசையைத் தடுத்தனர், திருவிருந்தில் சாதிகளைக் கலந்தனர் என்பன அவை. பூவும் பாட்டும் ஒருபுறம். மனிதனை மனிதன் தீண்டாமை மறுபுறம். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறிய முயன்றனர் மிஷனரிமார். ஒரே மூட்டையாகக் கட்டிக் காக்க முயன்றார் கவிஞர். சாஸ்திரியாரின் தமிழிசை வென்றது நமக்கு மகிழ்ச்சியே. அவருடைய கீர்த்தனைகள் இன்றும் ஆலயங்களில் ஒலிக்கின்றன. ஆனால் நான்காம் புகாரில் அவர் கேட்டது நியாயமன்று. சாதி வேற்றுமை திருச்சபையில் அறவே ஒழியவேண்டுமென்று பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்தபோது, பலர் சபையைவிட்டே வெளியேறினர். மாலையைத் துறக்க நேர்ந்தால் முணுமுணுப்பர். பந்தியில் அயலானோடு அமர நேர்ந்தால் சபையையே துறப்பர் என்றால், வழக்கங்களில் எது விக்கிரகமாயிருந்தது?

ஆகவே குழந்தையின் பிறந்த நாளுக்கு நன்றி செலுத்தி, இயன்ற உணவை இட்டு, கடனின்றி மகிழும் கிறிஸ்தவக் குடும்பத்தை வேதத்தைக் காட்டி எவரும் தடுக்க இயலாதென்றே நாம் துணிகின்றோம். கூடாதென்பாருக்கு எதிராக நாம் காட்டக்கூடிய சிறந்த சான்று ஒன்றும் உண்டு. ஹிப்போ நகரத்துப் பிஷப்பாகப் பிற்காலத்தில் புகழ்பெற்ற அகுஸ்தீன், ஞானஸ்நானம் பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 386ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், மிலான் நகருக்கு அண்மையில் ஒரு நாட்டுப்புற வீட்டில் தமது முப்பத்திரண்டாம் பிறந்த நாளைக் கொண்டாடினார். அறிவு மந்தமாகாத அளவுக்கு எளிய பகலுணவு. உடனிருந்தோர் தாய் மொனிக்கா, மகன், சகோதரர், மாணவர் இருவர். பள்ளிப் படிப்பே இல்லாத ஒன்றுவிட்ட சகோதரர் இருவரும் வேண்டுமென்றே சேர்த்துக்கொள்ளப்பட்டனர். உண்டபின், இன்பமான வாழ்வு யாது என்னும் கேள்வியை அகுஸ்தீன் எழுப்ப, பேச்சு மூன்று நாள் நீண்டது. விரும்பியதைப் பெற்றவன் இன்பமுடையவனா என்று கேட்டபோது மொனிக்கா, நல்லதை விரும்பிப் பெற்றானாயின் ஆம்; தீயதை விரும்பினானாயின் பெற்றாலும் அவன் இரங்கத்தக்கவனே என்றார். தத்துவத்தின் கோட்டையையே அம்மா பிடித்துவிட்டீர்கள் என்னும் கருத்துப்பட மகன் வியந்தார். எழுதக் கற்றவர்கள் அவ்வுரையாடலை அங்கேயே குறித்துக்கொண்டனர்.