பிறர் இழப்பில் மகிழலாமா?

வாணிபத்தில் போட்டி இயல்பு. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் மரக்கலம் ஏறிய நம் முன்னோர் போட்டிக்கு அஞ்சியவர்களல்லர். ஆயினும், தன் திறமையால் ஒருவன் முன்னேறுவது வேறு. இருவர் சண்டையில் சிதறியதை மூன்றாமவன் பொறுக்கிக்கொள்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் மனப்பான்மை இன்று நம்மிடையே வளர்ந்து வருகிறது.

2018இல் அமெரிக்கா சீனப் பொருள்களின்மீது கூடுதல் சுங்கவரி விதிக்கத் தொடங்கியது. 2025 ஏப்ரலில் அவ்வரி 145 சதவீதம் வரை ஏறிற்று. "சீனாவுக்கு நட்டம், நமக்கு இலாபம்" என்று பலரும் பேசினர். அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் வல்லக்கோட்டையைச் சுற்றியுள்ள நிலப்பகுதி. முருகன் கோயிலால் பெயர்பெற்ற அவ்வூருக்கு அருகே ஒரகடத்தின் மோட்டார்த் தொழிற்சாலைகள், வல்லம்-வடகால் தொழிற்பூங்கா, சற்று அப்பால், ஐபோன் தயாராகும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம். 2024 ஆகஸ்டில் வல்லம்-வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. வேலை வந்தது நன்மையே. அதை மறுப்பவர் அப்பெண்களின் வீட்டு அடுப்பைப் பார்த்திராதவர்.

ஆனால் இதே மண் இன்னொன்றையும் கண்டிருக்கிறது. நோக்கியா நிறுவனம் 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி ஆலை தொடங்கியது. 2008இல் அதே நிறுவனம் ஜெர்மனியின் போகும் நகர ஆலையை மூடியது. ஏறத்தாழ 2,300 பேர் வேலை இழந்தனர். அவ்வேலை ருமேனியாவின் குளூஜ் நகருக்குப் போயிற்று. 2011இல் அங்கும் மூடுவதாக அறிவிப்பு. உற்பத்தி ஆசியாவுக்கு வரும் என்றார்கள். ஸ்ரீபெரும்புதூர் ஆலை உச்சநிலையில் ஏறத்தாழ 8,000 பேருக்கு வேலை தந்தது. போகும் நகரத்துத் தொழிலாளியை அன்று இங்கே நினைத்தவர் எத்தனை பேர்? 2013இல் வியட்நாமில் புதிய ஆலை எழுந்தது. இங்கோ வரி வழக்கு மூண்டது; 2014 ஏப்ரலில் கைப்பேசிப் பிரிவை வாங்கிய மைக்ரோசாப்ட் இவ்வாலையை விட்டுவிட்டது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது.

ஏலத்தில் விலை கூட்டிக் கேட்பது ஆகுமானது. ஆனால் ஒருவர் விலை பேசி இணங்கிய நிலையில் இன்னொருவர் குறுக்கே புகுந்து அதைக் கலைப்பதை மார்க்கம் தடுத்துள்ளது. வல்லரசுகளின் சந்தையில் இந்த வேறுபாட்டை யாரும் பார்ப்பதில்லை. அதைப் பாராட்டும் கடமை நமக்கும் இல்லை என்று சொல்லிவிடலாமா?

2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பொருள்கள் மீதே அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. கைப்பேசி அதிலிருந்து தப்பியது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பொருள்களும் திருப்பூர்ப் பின்னலாடையும் தப்பவில்லை. அப்போது வங்காளதேசத்துக்கு வரி 20 சதவீதமே. டாக்காவில் ஒரு சகோதரர் "இந்தியாவுக்கு நட்டம், நமக்கு இலாபம்" என்று சொல்லியிருந்தால், ஆம்பூர்க்காரர் அதை எப்படிக் கேட்டிருப்பார்?

அப்படியானால் வந்த வேலையை மறுப்பதா என்று கேட்கலாம். இல்லை. வயிற்றுக்கு உழைப்பவள்மீது இப்பழியைச் சுமத்துவது அநியாயம். கேள்வி, மகிழ்ந்து பேசுகிற நம்மைப் பற்றியது. நம்மை நாடி வருகிறவர் எதை வாங்க வருகிறார்? கைத்திறனையா, மலிவையா? 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்ற பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். உணவும் உறைவிடமும் அதன்பிறகே பேச்சாயின. மலிவு ஒன்றே நம் சரக்கானால், அதைவிட மலிவாகத் தருபவர் உலகில் எங்கோ இருப்பார். அவரும் நம்மைப் பார்த்து மகிழத்தான் செய்வார்.

மூடிய நோக்கியா ஆலையைப் பின்னர் சால்காம்ப் என்னும் நிறுவனம் வாங்கியது. 2020இல் அங்கே சார்ஜர் தயாரிப்புக்கான வேலைகள் தொடங்கின. அது பின்லாந்தில் பிறந்த நிறுவனம். 2019இல் அதன் உடைமை ஒரு சீன நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. சீனாவின் நட்டம் என்று நாம் எழுதும் கணக்கில் இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?