சைக்கிளில் வலம் வரலாமா?

திருவரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகளில் வெளிச்சுற்றுகள் வீடும் கடையுமான தெருக்கள். அங்கே சைக்கிளில் சுற்றுவது வலம் வருதலாகுமா? ஆகும் என்பேன். வலத்தின் சாரம் இரண்டு: நடுவில் இருப்பவரை வலப்பக்கம் வைத்துக்கொள்வது, சொந்த உடம்பைச் செலவிடுவது. மிதிப்பவருக்கு இரண்டும் உண்டு. மோட்டாரில் போகிறவருக்கு இரண்டாவது இல்லை. வாகனமேறிக் கோயிலுக்குள் நுழைவது அபசாரம் என்று சாஸ்திரம் சொல்கிறதே என்பார்கள். நியாயமான தடைதான். ஆனால் அதே மதில்களுக்குள் குடியிருப்பவர்கள் தினமும் வண்டியில் போய்வருவதை யாரும் அபசாரம் என்பதில்லை. திருவரங்கத்து உற்சவரான நம்பெருமாளே வாகனத்தில்தானே வீதியுலா வருகிறார்! (அவரைச் சுமப்பவை மனிதத் தோள்கள் என்பது வேறு.) உண்மையான சிக்கல் வேகம். கோபுரத்தைக் கடந்ததே தெரியாமல் விரைகிறவர் ஊர் சுற்றுகிறார், அவ்வளவே. பக்தர்கள் வடம் பிடிக்கச் சித்திரைத் தேர் அசைந்து வரும் வீதிகளும் அவற்றில் உண்டு. மெல்ல மிதியுங்கள், உள்சுற்றுக்கு முன் இறங்கிவிடுங்கள்.