விஞ்ஞானக் கதையும் கைரேகையும்

விஞ்ஞானக் கதையைப் பற்றிப் பேச்சு வந்தால் இலக்கிய நண்பர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு சாரார் அதை இலக்கியமாகவே ஏற்பதில்லை. நிகழ்காலத்தின் பொறுப்பிலிருந்து நழுவுகிற பொழுதுபோக்கு என்கிறார்கள். மறு சாரார் அதை மெச்சுவதற்குச் சொல்லும் காரணம் இன்னும் மோசம். அவர் அன்றே எழுதினார், இன்று நடந்துவிட்டது என்கிறார்கள். இது ஜோசியனுக்குத் தரவேண்டிய பாராட்டு. பலித்ததா என்று பார்த்து ஜாதகத்தை மதிப்பிடலாம். ஒரு படைப்பை அப்படி மதிப்பிட முடியாது. விஞ்ஞானக் கதை எதிர்காலத்தைப் பற்றியது என்ற அனுமானம் இரு சாராருக்கும் பொது. எனக்கு அந்த அனுமானத்தில்தான் சந்தேகம்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. மனிதர்களின் பெயர்கள் இரண்டெழுத்துக்குச் சுருங்கிவிட்ட, குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டியிருக்கிற, ஜீவா என்பவன் ஆள்கிற இந்தியா அதில் வருகிறது. கதையின் காலம் 2020களின் தொடக்கம். அந்த வருஷங்கள் இப்போது நமக்குப் பின்னால் போய்விட்டன. உடனே மதிப்பெண் போடத் தொடங்கிவிட்டார்கள். ஜீனோ என்ற இயந்திர நாய் வரவில்லை. ஆனால் 2010 முதல் ஆளுக்கு ஒரு பன்னிரண்டு இலக்க எண் வந்துவிட்டது. ஆகவே பாதி தேறியது. இந்தக் கணக்கில் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. நாவலில் உள்ள அச்சம் யாருடையது? அது ஒரு நகரத்துத் தம்பதியின் அச்சம். அனுமதியில்லாமல் எதுவும் செய்ய முடியாத நிலை அவர்களுக்கு வரும்போது நாம் நடுங்குகிறோம். அதே நிலையில் ஏற்கெனவே வாழ்ந்து முடித்தவர்கள் இந்த மண்ணிலேயே உண்டு.

ருஷ்யாவில் ஸாமியாதின் 'நாங்கள்' நாவலை எழுதிக்கொண்டிருந்தது 1920-21 வாக்கில். மனிதர்களுக்குப் பெயருக்குப் பதில் எண் இருக்கும் அரசு அதில் வருகிறது. எதிர்கால சர்வாதிகாரத்தைச் சித்தரிக்கும் நாவல்களின் வரிசை அதிலிருந்து தொடங்குவதாக விமர்சகர்கள் சொல்வார்கள். அதே 1920-ல், ஏப்ரல் 3-ம் தேதி, உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பதிவேட்டில் கைரேகை வைக்க மறுத்த பிறமலைக் கள்ளர்களில், மாயக்காள் என்ற பெண் உட்பட, குறைந்தது 16 பேர் செத்தார்கள். அந்தச் சட்டத்தின்படி பதிவானவர்கள் ஊரைவிட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும்; இரவில் குறிப்பிட்ட இடத்தில் ஆஜராகவேண்டும். அங்கே ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். சென்னை ராஜதானியில் அது 1947-ல்தான் ஒழிந்தது. ஸாமியாதின் கற்பனை செய்த அரசு, உசிலம்பட்டிப் பக்கம் தாலுகா நிர்வாகமாக நடந்துகொண்டிருந்தது.

கைரேகை என்ற தொழில்நுட்பத்தின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஓர் ஒப்பந்தக்காரர் பிற்பாடு மறுத்துவிடக் கூடாதென்று அவருடைய கையை மையில் தோய்த்துப் பத்திரத்தில் பதிய வைத்தார். 1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்க உழைத்தவர்கள் அஜிஸுல் ஹக்கும் ஹேமசந்திர போஸும். அது உலகில் வழங்குவது எட்வர்ட் ஹென்றியின் பெயரால். லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கு அது போனது 1901-ல். அதாவது எதிர்காலம் மேற்கிலிருந்து இங்கே இறக்குமதியாகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கையில், அதில் ஒரு பகுதி இங்கே பரிசோதிக்கப்பட்டு அங்கே ஏற்றுமதியாகியிருக்கிறது.

ஆகவே என் எண்ணம் இது: விஞ்ஞானக் கதை சொல்கிற எதிர்காலம் பெரும்பாலும் வேறு யாரோ வாழ்ந்துவிட்ட காலம். எச்.ஜி. வெல்ஸுக்கு இது தெரிந்திருந்தது. 1898-ல் புத்தகமான 'உலகங்களின் போர்' நாவலில் செவ்வாய்வாசிகள் இங்கிலாந்தை நாசம் செய்கிறார்கள். ஆனால் தொடக்கத்திலேயே அவர் டாஸ்மேனியப் பூர்வகுடிகளை ஐரோப்பியர் அழித்ததை நினைவூட்டிவிடுகிறார். கடன் எங்கிருந்து வாங்கப்பட்டது என்பது கதைக்குள்ளேயே இருக்கிறது.

நமக்கு வரக்கூடியது என்று காட்டினால் ஒழியப் பிறர் துன்பம் நமக்கு உறைப்பதில்லை. இது நம் ஒழுக்கத்தின் குறை. விஞ்ஞானக் கதை அந்தக் குறையைத் தெரிந்துகொண்டு அதன் வழியாகவே உள்ளே நுழைகிறது. அது ஒரு நியாயமான உத்திதான். ஆனால் கடன் வாங்கிய இடத்தை மறைத்துவிட்டால் வாசகனுக்குக் கிடைப்பது தன்னைப் பற்றிய பயம் மட்டுமே. அதை அவன் மனசாட்சி என்று எண்ணிக்கொள்கிறான். புத்தகத்தை மூடியதும், நல்லவேளை, இன்னும் வரவில்லை என்ற ஆறுதலும் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

கவுண்டரில் உட்கார்ந்து பிழைப்பவனுக்கு இது தினசரி விஷயம். கைநாட்டு என்பது நம் பேச்சில் ஒரு வசவு. 1990களில் அறிவொளி இயக்கம் கிராமம் கிராமமாகப் போய்க் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது. அப்படிக் கற்ற பெண்கள் இன்று கிழவிகளாகி உதவித்தொகை வாங்க வருகிறார்கள். இயந்திரம் அவர்களுடைய கையெழுத்தைக் கேட்பதில்லை, விரலைக் கேட்கிறது. இறால் உரித்தும் செங்கல் சுமந்தும் ரேகை தேய்ந்த விரல். சம்பளக்காரன் எண்ணை ஒருமுறை இணைத்துவிட்டு மறந்துவிடலாம். கிழவி ஒவ்வொரு மாதமும் தான் தான்தான் என்று நிரூபிக்கவேண்டும். நாவலின் ஆண்டு எல்லோருக்கும் ஒரே நாளில் பிறப்பதில்லை.

ஆரம்பாக்கத்திலிருந்து பார்த்தால், பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் எழுவது தெரியும். 1979-ல் முதல் எஸ்.எல்.வி. கடலில் விழுந்தது, 1980-ல் இரண்டாவது வென்றது, 2023-ல் அங்கிருந்து போன சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. நாமெல்லாம் மொட்டை மாடிக்கு ஓடிப் பார்க்கிறோம். அதில் பெருமிதம் கொள்வதில் தவறில்லை. அந்தத் தீவு ஏவுதளமாவதற்கு முன் அங்கே மீன் பிடித்தும் காட்டில் கிழங்கு எடுத்தும் யானாதிகள் வாழ்ந்தார்கள். தளத்துக்காக அவர்கள் குடிபெயர வேண்டியிருந்தது. ஏவும் நாட்களில் மீனவர்கள் கடலுக்குப் போக முடிவதில்லை. வானத்திலிருந்து ஒரு சக்தி இறங்கி வந்து, இந்த இடம் எங்களுக்கு வேண்டும் என்று சொல்வது விஞ்ஞானக் கதையின் மிகப் பழைய கரு. இங்கே சக்தி வானத்துக்கு ஏறிப் போக இடம் கேட்டது என்பதுதான் வித்தியாசம்.

தமிழில் இனி விஞ்ஞானக் கதை எழுதுகிறவர் கி.பி. 2100 என்று தொடங்குவதற்கு முன் இந்த ஏரியைச் சுற்றி ஒரு நாள் நடக்கட்டும். கதையை எந்த ஆண்டில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். முதல் பக்கத்தில் அந்த யானாதிக்கு ஒரு வரி இருக்கவேண்டும் என்பதுதான் கேட்பது.