அப்பா பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்

திருத்தணி மலைமேல் முடி காணிக்கை செலுத்தும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தாய்மாமன் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பார். அவர் மடியில் குழந்தை திமிறும். பாட்டி கிலுகிலுப்பையை ஆட்டுவார். பாதி மொட்டையான தலையைப் பார்த்து அம்மாவுக்குக் கண் கலங்கும். சித்தி ஒருத்தி எல்லாவற்றையும் போனில் படம் பிடிப்பாள். அப்பா எங்கே? சற்றுத் தள்ளி, தோளில் டவலும் ஒரு கையில் பால் புட்டியும் மறு கையில் சந்தனக் கிண்ணமும் கக்கத்தில் துணிப்பையுமாக நிற்கிறாரே, அவர்தான். காது குத்தும்போதும் மடி மாமனுடையது. பிள்ளையின் முதல் மொட்டைக்கும் முதல் கம்மலுக்கும் அப்பாவின் மடி தேவைப்படுவதில்லை.

மாமனுக்கு உள்ள மரியாதையில் யாருக்கும் வழக்கு கிடையாது. மொட்டைக்கு முந்தைய மாதங்களிலும் அப்பா இப்படித்தான் நிற்கிறார் என்பதுதான் விஷயம். வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். பிரசவம் அங்கே. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் புகுந்த வீட்டுக்குக் குழந்தையை அழைத்து வருவார்கள். அதுவரை அப்பா என்பவர் சனிக்கிழமை சாயங்காலம் ஆப்பிள் பையோடு மாமியார் வீட்டு வாசலில் வந்து நிற்கிற விருந்தாளி. கை கால் கழுவிக்கொண்டு வரச் சொல்வார்கள். குழந்தையைக் கையில் கொடுப்பார்கள். அது சிணுங்கியதும், "இப்படிக் குடுங்க மாப்ள" என்று வாங்கிக்கொள்வார்கள். பிறகு காபி வரும். குழந்தை ஒருவழியாக வீடு வந்து சேரும்போது அதன் அழுகையில் எது பசி, எது தூக்கம், எது வயிற்றுவலி என்று பாட்டிக்கும் பெரியம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும்கூடத் தெரிந்திருக்கும். அவருக்கு மட்டும் எல்லா அழுகையும் ஒன்றுதான்.

மலையடிவாரத்தில் சரவணப் பொய்கை இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவர்கள் அதில் குளித்துவிட்டுத்தான் படியேறுகிறார்கள். சரவணப் பொய்கைக் கதையிலும் பிள்ளையை எடுத்து வளர்த்தவர்கள் ஆறு கார்த்திகைப் பெண்கள். அப்பா கயிலாயத்தில் இருந்தார். பிள்ளை வளர்ந்து பேச ஆரம்பித்த பிறகுதான் இருவருக்கும் இடையே பாடம் நடந்தது, அதுவும் சுவாமிமலையில். நம் ஆட்களுக்கு முன்னுதாரணம் வெகு தூரத்திலிருந்து வருகிறது.

திருத்தணியிலிருந்து விடியற்காலை ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிற இளைஞர்கள் நிறைய பேர். அரக்கோணத்தில் கூட்டம் ஏறி மூச்சு முட்டுகிறவரை பெட்டியில் நன்றாகப் பேசலாம். புதிதாக அப்பா ஆனவர்கள் நாலு பேர் ஒன்று சேர்ந்தால் பேச்சு பிராமில்தான் போய் நிற்கும். தள்ளுவண்டி என்று யாரும் சொல்வதில்லை. அது பூ விற்கிற, இட்லி விற்கிற வண்டி. "சக்கரம் பெருசா இருக்கிறதா பாத்து வாங்கு." "ஒரே கையால மடக்கணும்ணா, இன்னொரு கையில கொழந்த இருக்கும்ல." "பின் பிரேக் ரெண்டும் சேந்து விழுதா பாரு." பைக் வாங்கும்போது பேசிய அதே சுரத்தோடு சஸ்பென்ஷன் பற்றிப் பேசுகிறார்கள். பயமாக இருக்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆனால் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் நடுவே ஒருவர் சும்மா கேட்பதுபோலக் கேட்பார்: "உன் கொழந்த ராத்திரி தூங்குதா?" பதில் கொஞ்சம் நீளமாக வரும். அந்தக் கேள்விக்காகத்தான் அரைமணி நேரம் சக்கரம் பேசியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஆண்கள் பொருளைப் பற்றித்தான் பேசுவார்கள், மனதைப் பற்றிப் பேசத் தெரியாது என்று குறை சொல்வது சுலபம். தெரிந்த வழியில் பேசட்டுமே. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு தாய்க்கு மட்டும் உள்ளது என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரை, அப்பாக்களிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது வருகிறது என்று காட்டியது. அந்தப் பத்தில் ஒருவர் நம் பெட்டியிலும் உட்கார்ந்திருப்பார். டாக்டரிடம் போகமாட்டார். பிராம் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்.

அந்த வண்டியே ஆண்களின் பொருள்மோகத்தில் பிறந்ததுதான். 1733இல் இங்கிலாந்தில் வில்லியம் கென்ட் என்ற தோட்டக் கலைஞர் ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்குச் செய்து கொடுத்த முதல் வண்டியில் ஆட்டைப் பூட்டி இழுக்கலாம். குழந்தைக்கு அதில் சவாரி; அப்பாவுக்கு வேலையில்லை. இன்று கடையில் விற்கிற, குடைபோல மடங்குகிற வண்டிக்குக் காரணம் ஓவன் மெக்லாரன். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இறங்கு சக்கர அமைப்பில் பங்களித்த பொறியாளர். மகள் பேரக்குழந்தையோடு வந்தபோது கனமான வண்டியோடு பட்ட பாட்டைப் பார்த்த தாத்தா, விமானத்துக்குச் சக்கரம் மடக்கத் தெரிந்த கையால் 1965இல் அலுமினியக் குழாயில் ஒன்றை வடிவமைத்தார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. பேரப்பிள்ளையைக் கொஞ்சினாரா என்று வரலாறு சொல்லவில்லை. எனக்கு அந்த வண்டியே போதும்.

அந்த வண்டி திருத்தணியில் ஓடுமா என்பது வேறு கேள்வி. மலைக்கு ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 படிகள். அங்கே சக்கரத்துக்கு வேலையே இல்லை. வண்டி போகிற மலைப்பாதை வழியாகப் போனாலும் மேலே கூட்டத்தில் கையில் தூக்கத்தான் வேண்டும். கீழே கடைத்தெருவில் மூடாத கால்வாய், பாதி மூடிய கால்வாய், நடைபாதையில் பூக்கூடை, பூக்கூடைக்கு முன்னால் மாடு, மாட்டைச் சுற்றி ஆட்டோ. பிராமின் முன்சக்கரம் இரண்டு கால்வாய்ப் பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் சரியாகப் போய் உட்காரும்; அளவெடுத்துத்தான் இடைவெளி விட்டார்களோ என்னவோ. வெயிலும் இருக்கிறது. மே மாத வானிலைச் செய்தியில் வேலூரோடு திருத்தணி பெயரும் வராமல் இருக்காது. வெயில் படக்கூடாதென்று பிராமின் மேல் துண்டைப் போர்த்திவிடுகிறார்கள். காற்று உள்ளே அடைபட்டு வெளியே இருப்பதைவிடச் சூடு கூடிவிடும். குழந்தை அழக்கூடச் சோர்ந்துபோகும். சாயங்காலம் போகலாம், இல்லாவிட்டால் குடை பிடிக்கலாம். கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டாதே, குழந்தையை எடுத்ததும் வண்டி பின்னால் கவிழும் என்பதை இரண்டு பிள்ளை பெற்றவர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். தலை நிற்காத குழந்தைக்கு முழுவதும் சாய்ந்து படுக்கிற வண்டிதான் ஆகும் என்பதும் அவர்கள் சொல்வதுதான். அதே கடையில் விற்கிற வட்டமான பிளாஸ்டிக் வாக்கரை மட்டும் யார் சொன்னாலும் வாங்காதீர்கள். குழந்தைகள் அதோடு படியில் உருண்டு விழுகிறார்கள் என்று கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. நிற்கக் கற்ற பிள்ளை தானே பிடித்துத் தள்ளிப் போகிற நம் மர நடைவண்டி வேறு சங்கதி.

இவ்வளவு சொன்ன பிறகும் பிராம் வாங்குகிறவனை நான் தடுக்கமாட்டேன். அதன் பயன் சக்கரத்தில் இல்லை. ஒரு ஆண் கைக்குழந்தையோடு தனியாகத் தெருவில் இறங்க அது ஒரு சாக்கு. வெறுங்கையில் தூக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். வீட்டு வாசல் தாண்டுவதற்குள் மூன்று பேர் கை நீட்டுவார்கள். தெருமுனையில், "அம்மா எங்கப்பா?" என்பார்கள். குழந்தை தும்மினால் ஏதோ கடத்திக்கொண்டு வந்தவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. பிராமில் வைத்துத் தள்ளினால், ஏதோ வேலையாகப் போகிறான் என்று விட்டுவிடுகிறார்கள். தெருவைச் சுற்றி வருகிற அந்தக் கால்மணி நேரம் குழந்தையும் அவனும் மட்டும். அழுதால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அவனே நிறுத்தி, அவனே வாரை அவிழ்த்து, அவனே தூக்கி, சரியாகத் தூக்கவில்லை என்று தெரிந்து மாற்றிப் பிடித்து, ஒருவழியாக அழுகை அடங்கும். அதற்கு முன்பு அவனுக்கு யாரும் இப்படி ஒரு சந்தர்ப்பம் கொடுக்கவில்லை.

கற்றுக்கொள்கிற விஷயமா இது, ரத்தத்தில் வருவதில்லையா என்று கேட்பார்கள். பிலிப்பைன்ஸில் செபு என்ற ஊரில் 624 இளைஞர்களை நாலைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்து 2011இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அப்பா ஆனவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு குறைந்திருந்தது. அதிலும் தினம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைக் கவனித்தவர்களுக்கு, கவனிக்காத அப்பாக்களைவிடக் குறைவு. பிள்ளை பெற்றதோடு உடம்பு தன் வேலையை முடித்துக்கொள்வதில்லை. தூக்கத் தூக்கத்தான் மாறுகிறது போலும். சனிக்கிழமை மாலையும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் வந்து போகிற அப்பாவுக்கு அந்த மூன்று மணி நேரத்தை எங்கிருந்து தருவது?

ஜப்பானில் குமி குரோடா என்ற ஆய்வாளரின் குழு 2022இல் சொன்னது இன்னும் உபயோகமானது. அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நில்லாமல் நடக்க வேண்டும். தூங்கியதும் உடனே கிடத்தக் கூடாது. மடியில் வைத்தபடி ஐந்திலிருந்து எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பிறகு கிடத்த வேண்டும். அவர்கள் பார்த்தது தாய்மார்களை. அப்பாக்கள் முயன்றால் குழந்தை ஒன்றும் ஆட்சேபிக்காது. நம் வீட்டில் தூளி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தூளி விஷயத்தில் அப்பாவுக்குக் கொடுக்கப்படுகிற வேலை உத்தரத்தில் கொக்கி அடிப்பதும் ஸ்பிரிங் வாங்கி வருவதும். நல்ல பருத்திப் புடவையாகப் பார்த்துக் கட்டுவது பாட்டி. ஆட்டுவது அம்மா. கொக்கி தாங்குமா என்று தொங்கிப் பார்ப்பதோடு அவர் பங்கு முடிந்தது. இதற்கெல்லாம் விதிவிலக்காக ஒரு வழக்கம் திருவண்ணாமலையில் உண்டு. பிள்ளை வரம் கேட்டு வேண்டிக்கொண்டவர்கள், பிறந்ததும் கரும்பில் புடவைத் தொட்டில் கட்டிக் குழந்தையைக் கிடத்திக் கோயிலை வலம் வருவார்கள். கரும்பின் ஒரு முனை தாயின் தோளில், மறுமுனை தகப்பன் தோளில். ஒருவர் விட்டால் நடக்காது.

சட்டத்தின் பக்கம் பார்த்தால் நிலைமை தூளிக் கொக்கிதான். 2017 திருத்தத்துக்குப் பின் மகப்பேறு விடுப்பு 26 வாரம். தமிழக அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு. அப்பா மத்திய அரசு ஊழியராக இருந்தால் 15 நாள் உண்டு. தனியார் நிறுவனத்தில் முதலாளி மனது வைத்தால்தான். 2023இல் தென்காசிப் பக்கத்துக் காவல் ஆய்வாளர் ஒருவருக்கு மனைவியின் பிரசவத்துக்காகக் கொடுத்த விடுப்பை ரத்து செய்துவிட, வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. அப்பாக்களுக்கான விடுப்புக்குத் தனிச் சட்டம் வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நீதிபதி விக்டோரியா கௌரி எழுதினார். சட்டம் வருகிறபோது வரட்டும். பொதட்டூர்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே தறி ஓட்டுகிற என் நண்பருக்கு அந்தக் கவலை இல்லை. தறிக்குப் பக்கத்து அறையில் தூளி. அவர் பிள்ளை அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியது. கரண்ட் போய்த் தறி நின்றால்தான் விழித்துக்கொள்ளும். கரண்ட் இல்லாத நேரம் அவருக்கும் வேலை இல்லாத நேரம். ஆகவே தூக்குவது அவர்தான்.

ரயில் இளைஞர்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆனாலும் அவர்களில் ஒருவன் ஒரு வழி கண்டுபிடித்தான். அவனுக்கு மாமியார் வீடு ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியில். தெலுங்கு பேசுகிற வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை குழந்தையைக் குளிப்பாட்ட, அந்த அம்மாள் வழக்கம்போலக் கொல்லையில் மணையைப் போட்டார். இவன் அங்கேயே சுற்றிக்கொண்டு, தண்ணீர் எவ்வளவு சூடு, எண்ணெய் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். சஸ்பென்ஷன் விசாரிக்கிறவன் அல்லவா. அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து மணையைக் காட்டி, "காள்ளு சாப்பண்டி" என்றார். காலை நீட்டச் சொல்கிறார் என்று புரியவே அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனதாம். லுங்கியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து நீட்டினான். எண்ணெய் தடவிய குழந்தையைக் கொண்டுவந்து கணுக்கால்களுக்கு மேலே கிடத்தினார்.

திங்கட்கிழமை ரயிலில் அவன் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மற்ற மூவரும் நெருங்கி உட்கார்ந்துவிட்டார்கள். தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். மூக்கில் காதில் ஊதச் சொல்வார்கள், அது வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். வழுக்கும், ஆனால் நாம் பயப்படுகிற அளவுக்கு வழுக்காது. "தல எந்தப் பக்கம் வரும்? நம்ம பக்கமா, பாதத்துப் பக்கமா?" என்றான் ஒருவன். வாயால் சொன்னால் விளங்கவில்லை. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு இருக்கை இடைவெளியில் காலை நீட்டி, டிபன் பையை அதன்மேல் கிடத்தி, இடக்கையால் அதன் கழுத்தைத் தாங்கிக் காட்டினான். எதிர் இருக்கைக்காரர் பேப்பரை மடித்துவிட்டு, "கழுத்துக்கு இன்னும் கொஞ்சம் கீழ புடிப்பா" என்றார்.