கூலியில்லாக் கரங்கள்

1916-ஆம் ஆண்டு வெர்தூன் போரில் பாழான பிரெஞ்சுச் சிற்றூர் ஒன்றுக்கு, 1920-இல் ஒரு சிறு குழு வந்து சேர்ந்தது. சுவிட்சர்லாந்தின் பியேர் செரசோல் திரட்டிய அத்தொண்டர்களுள், போரில் பகைவராயிருந்த ஜெர்மானியரும் இருந்தனர். கூலி பெறாமல் இடிபாடுகளை அகற்றினர்; வீடற்றோர்க்குக் குடில்கள் எழுப்பினர். ஆயினும், ஜெர்மானியர் அங்கிருப்பதைப் பொறாதோரின் எதிர்ப்பால் 1921-இல் அம்முகாம் கலைந்தது. மக்களை இழந்தோரின் வேதனையைக் குறை கூறுவதற்கில்லை.

எனில், அவ்வுழைப்பு வீணாயிற்றா? பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் தர்மமே என்றறிந்த நாம் அவ்வாறு சொல்லத் துணியோம். முள்ளை எடுத்தவன், அவ்வழியே வருவோனின் நன்றிக்காகக் காத்து நிற்பதில்லை அன்றோ?

அவ்வித்திலிருந்தே பன்னாட்டுத் தொண்டு முகாம்கள் தழைத்தன. இன்று ஐரோப்பிய நாட்டுப்புறங்களில் பல தேசத்து இளைஞர் கூடிப் பழங்கோட்டைச் சுவர்களைச் செப்பனிடுகின்றனர். சில முகாம்களில், பகலில் கல் சுமந்தோரே மாலையில் ஊரார் முன் நாடகமும் நடிக்கின்றனர். நாடகத்துக்குக் கைதட்டல் உண்டு. சுவருள் மறைந்த கல்லுக்கு இல்லை. இரண்டையும் ஒரே நிய்யத்துடன் செய்ய இயலுமா என்பதே தொண்டனுக்குரிய சோதனை. முகஸ்துதியை நாடாமல் மேடையேறவும், காண்பார் இல்லாதபோதும் கல்லை நேராக வைக்கவும் வல்லவனே இக்லாஸின் பொருளை உணர்ந்தவன்.

பொதுப்பணிக்குப் புறப்படும் நம் இளைஞரும் தம் உள்ளத்தை ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும்: "நன்றி கூறுவார் எவருமில்லையெனினும், இக்கல்லை நான் சுமப்பேனா?"