ஆனாயர் குழலும் அடியார் மனமும்



பப்பாசி இலைத் தண்டை வெட்டி ஊதிப் பார்க்காத சிறுவர் கிராமங்களில் அரிது. அதிலும் ஒலி வரும். ஆயினும் அது இசையாவதில்லை. ஒலி இசையாவது எவ்வாறு என்பதை ஆனாய நாயனார் வரலாறு விளக்குகிறது.

மேல்மழநாட்டு மங்கலம் என்னும் ஊரிலே, இன்றைய தமிழ்நாட்டின் இலால்குடிக்கு அருகே, ஆயர் குலத்தில் அவதரித்தவர் ஆனாயர். பசு மேய்ப்பது அவர் தொழில். குழலிலே திருவைந்தெழுத்தை வாசிப்பது அவர் தொண்டு. 12ஆம் நூற்றாண்டிலே பெரியபுராணம் அருளிய சேக்கிழார் சுவாமிகள் அவருடைய பக்தியை மட்டும் கூறி அமையவில்லை. மூங்கிலை முறைப்படி அரிந்து, துளைகளை விரலளவு கணக்கில் நிரைப்படுத்திய விதத்தையும் கூறுகிறார்.

சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் இதனை மேலும் விரிக்கிறார். குழலுக்கு மூங்கிலே உத்தமம். வெட்டியதை நிழலிலே ஆறவிட்டு, திருகலும் பிளவும் இல்லையெனக் கண்டு, ஓர் ஆண்டு சென்ற பின்பே குழல் செய்தல் வேண்டும். நீளம் 20 விரல். சுற்றளவு நாலரை விரல். பச்சை மூங்கில் காயும்போது சுருங்கும், வெடிக்கும், சுருதியும் நில்லாது. அதனாலேயே இந்தப் பொறுமை.

வீட்டிலே குழல் செய்வோரும் இதை அறிவர். காய்ச்சிய கம்பியால் முதலில் சிறு துளையே இடுவர். ஊதிப் பார்த்து, சுரம் தாழ்ந்திருந்தால் அரத்தால் சிறிது சிறிதாக அகலமாக்குவர். துளை பெருகச் சுரம் உயரும். குழலின் நுனியை அரிந்தாலும் சுருதி ஏறும். அவசரப்பட்டால் கெட்டது. பெருத்த துளைக்கு மெழுகு பூசிச் சமாளிக்கலாம்; அரிந்த நுனியோ மீண்டும் ஒட்டாது.

அன்பர்களே, வாய்ச் சொல்லும் அத்தகையதே. எல்லைவேலித் தகராற்றிலும் ஆலயக் கூட்டத்திலும் கோபத்தில் கொட்டிய ஒரு சொல்லால் தலைமுறைகளாக முகம் பாராத குடும்பங்கள் உண்டு. பின்னர் கேட்கும் மன்னிப்பு மெழுகு போன்றது, அதுவும் நல்லதே. அரத்தை எடுக்குமுன் ஊதிப் பார்ப்பது அதனிலும் நல்லது. சொல்லுமுன் ஒருமுறை திருவைந்தெழுத்தை நினைப்பவன் தன் சுருதியைப் பார்த்துக்கொள்கிறான்.

பூத்த கொன்றையைச் சிவபெருமானாகவே கண்டு ஆனாயர் வாசித்தபோது, பசுக்கள் அசைபோட மறந்தன. கன்றுகள் பால் குடிக்க மறந்தன. பாம்பு மயில்மேல் விழுந்தது, மயில் கொத்தவில்லை. சிங்கமும் யானையும் ஒருங்கே வந்தன. நலிவோரும் மெலிவோரும் ஓருணர்வாயினர் என்கிறது புராணம். எம்பெருமான் உமையம்மையோடு இடபத்தின்மேல் எழுந்தருளி, குழல் வாசித்த அந்நிலையிலேயே அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார்.

2009ஆம் ஆண்டுவரை நீண்ட போரைக் கண்டது இந்நாடு. தமிழும் சிங்களமும் பேசுவோர், பல சமயத்தோர், அயலயலாக வாழும் புத்தளம் மாவட்டத்திலே அந்த ஓருணர்வு எத்தனை தேவையானது! அது பெரிய மேடைகளிலே தொடங்குவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாவு சுருதி சேர்வதிலே தொடங்குகிறது.

கார்த்திகை அத்த நட்சத்திரம் ஆனாயர் குருபூசைத் தினமாகும். அன்றைய தினம் பேச்சற்றுப் போன ஓர் அயலவரின் வாசலுக்குச் சென்று நலம் விசாரித்தல் அவருக்குச் செய்யும் சிறந்த பூசையாகும். அதற்கு எல்லாம் வல்ல சிவபெருமான் அருள்பாலிப்பாராக.

திருச்சிற்றம்பலம்.